வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை
அவசர நேரத்தில் ஆட்டிசம் உள்ள குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது



சென்ற இதழில் மழைக்காலக் காய்ச்சல் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழு உறுப்பினர் மாதக் கூட்டத்துக்கு வந்தபோது எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "காய்ச்சல், வலின்னா சொல்லுற பிள்ளைக்கு நீங்க எழுதுனது சரிங்க. சொல்லவே தெரியாத பிள்ளைக்கு என்னங்க பண்றது?" என்றார். அவர் மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. அந்தக் குடும்பம் பட்ட கஷ்டத்தை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தம்பிக்கு ஐந்தாறு சொல்தான் வரும். நாள் முழுக்கக் குதித்துக்கொண்டே இருப்பான். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி கஞ்சியைத் தள்ளிவிட்டான். தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். டவுசரைப் போட்டால் போட்டவுடன் இடுப்பிலிருந்து கீழே இழுத்து விட்டான். இரண்டு முறை வாந்தி எடுத்தான். அக்கம்பக்கத்தில் காத்து கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள். விபூதி போட்டார்கள்.

மறுநாள் காலையில் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே கூட்டம். பிள்ளை கத்தினான், கிட்டே வந்த நர்ஸம்மாவைக் கடிக்கப் போனான். "இந்த மாதிரி பிள்ளைங்க இப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லி வாந்திக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தலை முட்டுவதும் நின்றுவிட்டது. பிள்ளை சுருண்டு படுத்துவிட்டான். 'அப்பாடா, அமைதியாயிட்டான்' என்று வீட்டில் இருந்தவர்கள் நினைத்தார்கள். குழுவின் ஊக்குநர் அக்கா பார்க்க வந்தவர்தான், "இவன் குதிக்காம இருந்து நான் பார்த்ததே இல்லையே" என்று சொல்லி 108-ஐக் கூப்பிட்டார். பெரியாஸ்பத்திரியில் இருந்த ஒரு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வழக்கமா எப்படிம்மா இருப்பான்? இன்னைக்கு என்ன மாத்தம்?"

அப்போதுதான் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். குதிப்பதை நிறுத்தியது, குனிந்தே நின்றது, இடுப்பில் துணி பட விடாதது. உடனே வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் பழுத்து உடைந்திருந்தது. அன்று ராத்திரியே ஆபரேஷன். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இப்போது தம்பி நன்றாக இருக்கிறான், பழையபடி குதிக்கிறான். ஆனால் ஒரு நாள் முன்னால் கண்டுபிடித்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. அந்த முதல் ஆஸ்பத்திரியில யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்று அந்த அம்மா சொன்னபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவதும் அதுதான். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அம்மாதான் வாய். அம்மாவுக்குத் தெரிந்தது டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன வழி என்று பார்ப்போம்.

ஆட்டிசம் என்றால் என்ன?

மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வேறுபாடுதான் ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது முதலில் தனியாக விளக்கப்பட்டது. சில பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள், சிலருக்குப் பேச்சே வராது. மற்றவர்களோடு கண் பார்த்துப் பழகுவது, மனதில் உள்ளதைச் சொல்வது சிரமமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவை சிலருக்குத் தாங்க முடியாதவை. சிலருக்கு அதுவே உறைக்காது.

இது பேயும் இல்லை, சாபமும் இல்லை. அம்மா சரியாக வளர்க்காததால் வந்ததும் இல்லை. ஒரு காலத்தில் பாசமில்லாத தாயால்தான் வருகிறது என்று படித்த டாக்டர்களே சொன்னார்கள். அது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. ஆகவே நம் ஊரில் யாராவது அப்படிப் பேசினால் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வலி எப்படி வெளியே தெரியும்?

எல்லாப் பிள்ளைக்கும் வருகிற நோய் இந்தப் பிள்ளைகளுக்கும் வரும். காது வலி, பல் வலி, மலச்சிக்கல், குடல்வால், எலும்பு முறிவு எல்லாம் வரும். அதிலும் மலச்சிக்கலும் வலிப்பும் மற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்கு அதிகம். ஆனால் 'இங்கே வலிக்குது' என்று கை வைத்துக் காட்டுவது பல பிள்ளைகளுக்கு வராது. அழ வேண்டிய நேரத்தில் சிரிக்கிற பிள்ளையும் உண்டு. கை முறிந்த பிறகும் அழாமல் விளையாடிய பிள்ளையும் உண்டு.

ஆகையால் நாம் பார்க்க வேண்டியது மாற்றத்தை. பிள்ளையின் வழக்கம் திடீரென்று மாறினால் 'அடம் பண்றான்' என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் 'எங்காவது வலிக்குதோ?' என்று யோசிக்க வேண்டும்.

* தலையை முட்டிக்கொள்வது, கன்னத்தில் காதில் அடித்துக்கொள்வது புதிதாக ஆரம்பித்தால் காது, பல், தலைவலியைச் சந்தேகப்படுங்கள்.
* குனிந்து நடப்பது, காலை மடக்கிப் படுப்பது, இடுப்பில் துணி பட விடாதது, சாப்பாட்டைத் தள்ளுவது என்றால் வயிற்றைச் சந்தேகப்படுங்கள்.
* ஒரு காலை ஊன்ற மறுப்பது, ஒரு கையை உபயோகிக்காமல் விடுவது என்றால் எலும்பைப் பாருங்கள்.
* எச்சில் வடிந்துகொண்டே இருப்பது, எதையும் விழுங்க மறுப்பது என்றால் தொண்டையில் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று யோசியுங்கள்.
* எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளை சட்டென்று அமைதியாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். அதுவும் ஒரு அறிகுறிதான்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கீழே உள்ளவை எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற இந்த ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது.

1. வலிப்பு. முதல் முறையாக வந்தாலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வந்தாலும் அவசரம்தான்.

2. விழுங்கியது. சில பிள்ளைகள் மண், கல், சோப்பு என்று கிடைத்ததை வாயில் போடுவார்கள். கடிகாரம், பொம்மை, ரிமோட்டில் இருக்கிற பொத்தான் மாதிரியான பேட்டரிதான் மிகவும் ஆபத்து. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். மண்ணெண்ணெய், பூச்சி மருந்து குடித்துவிட்டாலும் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போங்கள்.

3. தண்ணீர். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். வீட்டை விட்டுத் தனியாக நழுவிப் போகும் பழக்கமும் உண்டு. பிள்ளையைக் காணோம் என்றால் தெருவில் தேடுவதற்கு முன்னால் கிணறு, குளம், வாய்க்கால், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றக் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயில் வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி மூச்சு வரவைக்க வேண்டும். மூச்சு வந்து நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

4. மூச்சுத் திணறல், நினைவு தப்புவது, தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, பாம்புக்கடி, நிற்காத ரத்தம், வாந்தியும் காய்ச்சலுமாகச் சுருண்டு படுத்துவிடுவது.

வலிப்பு வந்தால் நாம் செய்ய வேண்டியது: மணியைப் பாருங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இருக்கிற கல், கட்டில் கால், அடுப்பு எல்லாவற்றையும் விலக்குங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். சாவி, இரும்பு, வெங்காயம் எதுவும் வேண்டாம். வாய்க்குள் கரண்டியோ விரலோ விடக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. முழுசாக நினைவு திரும்பும் வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு 'இப்பதான் வரலையே' என்று நாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சந்தேகம் மட்டும் இருந்தால், நடுராத்திரி யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

ஒரே ஒரு தாள்

அவசர நேரத்தில் நமக்கே பேச்சு வராது. கை நடுங்கும். அதனால்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் குழுவில் படித்த பெண்ணிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியின் அம்மா இப்போது வைத்திருக்கிற தாளில் உள்ளதைக் கீழே தருகிறோம். நம் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளையின் பெயர், வயது, எடை: (எடை முக்கியம். அதை வைத்துத்தான் மருந்தின் அளவைக் கணக்குப் பண்ணுகிறார்கள்.)
நோய்: ஆட்டிசம் உண்டு. வலிப்பு இதுவரை வந்ததில்லை.
பேச்சு: அம்மா, தண்ணி, போ, சோறு. அவ்வளவுதான். நாம் சொல்வது ஓரளவு புரியும். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.
வழக்கமாகச் செய்வது: குதிப்பான், கையை ஆட்டுவான், 'ஊ' என்று சத்தம் போடுவான். இது நோய் இல்லை.
வலி வந்தால் செய்வது: குதிப்பதை நிறுத்துவான். தலையை முட்டுவான். சாப்பாட்டைத் தள்ளுவான்.
பயப்படுவது: சைரன், மிக்சி சத்தம், தலையில் கை வைப்பது, ஒரே நேரத்தில் நாலு பேர் பிடிப்பது.
அமைதியாவது: பச்சை டம்ளர், அம்மாவின் பழைய சேலை, ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது.
சாப்பிடும் மருந்துகள்: பெயர், அளவு, நேரம்.
ஒத்துக்காத மருந்து: இருந்தால் பெயர்.
எச்சரிக்கை: கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். பயந்தால் கடிப்பான்.
போன் நம்பர்: அம்மா, அப்பா, குழு ஊக்குநர்.

இந்தத் தாளை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் ஆணியில் மாட்டிய பையில் இருக்கட்டும். ஒன்று பள்ளியில் டீச்சரிடம். ஒன்று குழு ஊக்குநரிடம். அந்தப் பையிலேயே பழைய மருந்துச் சீட்டுகள், அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு மாற்றுத் துணி, பிள்ளைக்குப் பிடித்த சாமான் ஒன்று ஆகியவையும் இருக்கட்டும்.

செல்போன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பிள்ளை நன்றாக இருக்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லாதபோதும் ஒன்று எடுங்கள். இரண்டையும் பார்த்தால் டாக்டருக்கு மாற்றம் சட்டென்று புரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஐந்து நிமிடம்

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் பார்ப்பது என்ற வழக்கம் இல்லை. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலில் பார்ப்பார்கள். வாசலிலேயே ஒரு நர்ஸோ டாக்டரோ பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டியவர்கள். பச்சை என்றால் காத்திருக்கலாம்.

இங்கேதான் நம் பிள்ளைக்குச் சிக்கல். அழாமல் சுருண்டு படுத்திருந்தால் 'பெரிசா ஒண்ணுமில்லை' என்று தோன்றும். கத்தினால் 'ஆட்டிசத்தால் கத்துகிறான்' என்று தோன்றும். டாக்டர்கள் மேல் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. ஒரே ராத்திரியில் அவர்கள் எத்தனையோ பேரைப் பார்க்கிறார்கள். நம் பிள்ளையை அவர்கள் இன்றுதான் முதல் தடவை பார்க்கிறார்கள். ஒன்பது வருடம் பார்த்தவர் நாம்தான். ஆகவே கூச்சப்படாமல், சத்தம் போடாமல், இப்படிச் சொல்லுங்கள்:

"மேடம், என் மகனுக்கு ஆட்டிசம். வலிச்சா சொல்லத் தெரியாது. வழக்கமா நாள் பூரா குதிப்பான். நேத்து ராத்திரியில இருந்து குனிஞ்சே நிக்கிறான், சாப்பிடல, ரெண்டு தடவை வாந்தி. வயித்துல ஏதோன்னு எனக்குத் தோணுது. மீதி எல்லாம் இந்தத் தாள்ல இருக்கு."

அவ்வளவுதான். என்ன மாற்றம், எப்போதிருந்து, நமக்கு என்ன சந்தேகம் என்ற மூன்றும் வந்துவிட்டது. கடைசியாக எப்போது சாப்பிட்டான், தண்ணீர் குடித்தான் என்பதையும் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் அவர்களுக்கு அந்த நேரம் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் டாக்டர் பார்க்கும் வரை பிள்ளைக்கு பிஸ்கட், பால் என்று எதுவும் கொடுக்க வேண்டாம் என்கிறோம்.

பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னால், "வயித்த அமுக்கிப் பார்த்தீங்களா மேடம்? என்ன ஆனா திரும்பக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டுக்கு வந்தபின் குறையவில்லை என்றால் மறுபடியும் போங்கள். 'நேத்துதானே பார்த்தாங்க' என்று இருந்துவிட வேண்டாம்.

ஊசி, டிரிப்ஸ், ஸ்கேன் நேரத்தில்

புது இடம், விளக்கு, மருந்து வாசனை, மெஷின் சத்தம் எல்லாம் சேர்ந்தால் பிள்ளை மிரண்டுவிடும். அடம் என்று நினைத்து அடிக்காதீர்கள். அடித்தால் மிரட்சி கூடும். கீழே உள்ளவற்றில் முடிந்ததைச் செய்து பாருங்கள்.

* காத்திருக்கும்போது சுவர் ஓரமோ கூட்டம் குறைந்த மூலையோ கேட்டு வாங்குங்கள். சேலைத் தலைப்பால் விளக்கு வெளிச்சத்தை மறைக்கலாம்.
* 108 வண்டியில் ஏறியதுமே சைரன் சத்தம் ஆகாது என்று சொல்லிவிடுங்கள். தெரு காலியாக இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். நெரிசலில் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.
* 'ஊசி இல்லடா' என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த தடவை நம்ப மாட்டான். "முதல்ல ஊசி. அப்புறம் டம்ளர்" என்று இரண்டே வார்த்தையாகச் சொல்லுங்கள்.
* ஒருவர் மட்டும் பேச வேண்டும். அது அம்மாவாக இருந்தால் நல்லது. மடியில் வைத்தே ஊசி போட முடியுமா என்று கேளுங்கள்.
* ஸ்டெதஸ்கோப்பை முதலில் அம்மாவின் கையில் வைத்துக் காட்டி, பிறகு பிள்ளைக்கு வைக்கச் சொல்லுங்கள்.
* விரலில் மாட்டும் கிளிப்பைப் பிடுங்கினால் கால் விரலில் மாட்ட முடியுமா என்று கேளுங்கள். டிரிப்ஸ் ஊசியை அதிகம் உபயோகிக்காத கையில் போட்டு, மேலே நன்றாகக் கட்டுத் துணி சுற்றச் சொல்லலாம்.
* ஸ்கேன் எடுக்கும்போது அசையாமல் இருக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து தேவையா என்று டாக்டர்தான் முடிவு செய்வார்.

ஆபரேஷனுக்குப் பிறகும் அவன் வலியைச் சொல்ல மாட்டான். "சொல்லலைன்னாலும் வலிக்கும், நேரத்துக்கு வலி மருந்து குடுங்க சிஸ்டர்" என்று நாம் கேட்க வேண்டும். தையலைப் பிய்க்காமல் யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாத்திரை விழுங்க மாட்டான் என்றால் சிரப்பாகக் கிடைக்குமா, பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? பணத்துக்கு என்ன வழி?

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சேர்ந்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் சிகிச்சை தருவதிலும் முன்னுரிமை இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே 'கொஞ்சம் சீக்கிரம் பாருங்க' என்று நாம் கேட்பது சலுகை இல்லை, சட்டத்தில் உள்ளது. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அட்டை இல்லை என்று பயந்து யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. முதலில் பிள்ளை, அட்டையெல்லாம் அப்புறம்.

ஆனால் நல்ல நேரத்தில் அட்டைகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

யு.டி.ஐ.டி. என்று சொல்லும் மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்கு என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை. செலவு செய்துவிட்டு ரசீது காட்டித் திரும்பப் பெறும் முறை என்பதால் ஒரு சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

பிள்ளைக்கு ஆட்டிசமா என்று இன்னும் தெரியாதவர்களும் நம்மில் இருப்பார்கள். 2013 முதல் நடக்கிற குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வருகிறது. அவர்களிடம் காட்டினால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். 18 வயது வரை அங்கே பார்க்கலாம்.

நம் குழு என்ன செய்யலாம்?

அந்தத் தம்பியின் கதையில் ஊக்குநர் அக்கா போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அந்தக் குழு அடுத்த மாதமே கூடி, தீர்மானப் புத்தகத்தில் நான்கு தீர்மானம் எழுதியது.

1. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கு அவசரம் என்றால் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டு ரூ.3,000 வரை அவசர உள்கடன் கொடுப்பது. அடுத்த கூட்டத்தில் கணக்கு வைப்பது.
2. ஆஸ்பத்திரிக்கு அம்மா தனியாகப் போகக் கூடாது. ஒருவர் துணைக்குப் போவது. அம்மா பிள்ளையைப் பிடித்திருக்கும்போது துணைக்குப் போனவர் சீட்டு வாங்குவார், தாளைக் கொடுப்பார், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்வார்.
3. வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் என்பதைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் பார்த்துக்கொள்வது.
4. ஊரில் திறந்து கிடக்கிற கிணறுகளைக் கணக்கெடுத்து, மூடச் சொல்லி ஊராட்சியில் மனுக் கொடுப்பது.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. எந்தக் குழுவாலும் முடியும். ஆட்டிசம் உள்ள பிள்ளை மட்டுமில்லை, காது கேளாத பிள்ளை, மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளை, பேச்சு வராத முதியவர் என்று எல்லோருக்கும் அந்த ஒரு தாள் உதவும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். பிறகு இந்த மூன்று கேள்விகளைப் பேசுங்கள்.

* நம் ஊரில், நம் குழுவில் வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது?
* அந்தப் பிள்ளைக்குத் தாள் எழுதியாகிவிட்டதா? இல்லையென்றால் இன்றைக்கு யார் எழுதிக் கொடுப்பது?
* ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா கதவைத் தட்டினால் யார் கூடப் போவது?

தாளை எழுதி முடித்த குழுக்கள் எங்களுக்குத் தெரிவியுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். அந்தத் தம்பியின் அம்மா உங்களிடம் சொல்லச் சொன்ன ஒரு வார்த்தையோடு முடிக்கிறோம். "டாக்டர் கேக்கட்டும்னு இருக்காதீங்க அக்கா. நீங்களே சொல்லிடுங்க."